உப்புக்காரி செத்துப்போன செய்தி

காக்கைக்கு இதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. அதன் கண் மசால்வடை மேலே. வடைப் பொட்டலமோ செந்தமிழின் தலைமேலே. தூறல் போட்டதால், கையிலிருந்த பொட்டலத்தையே உச்சியில் குடையாகப் பிடித்துக்கொண்டு அவள் மரக்காணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். வடை கட்டிய காகிதம் எவ்வளவு தலையை மறைத்துவிடும் என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். காக்கை இறங்கியது, நகம் பட உச்சியில் ஒரு தட்டுத் தட்டியது, பொட்டலத்தைக் கிழித்து ஒரு வடையோடு எதிர்வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது.

வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா ஆராயி இதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். அவள் மட்டும் அப்போது குனிந்திருந்தால் இவ்வளவு வம்பும் வந்திருக்காது.

அந்தச் சந்தோஷம் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். செந்தமிழ் பி.ஏ. முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் எதிரில் அந்தோணிராஜ் வைத்திருந்த மாதா நெட் சென்டரில் வேலை பார்த்தாள். பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது, வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு டைப் அடித்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் அவள் யாளிக்கோட்டைக்குப் போய்விடுவாள். 

யாளிக்கோட்டை என்பது சென்னையில் ஒரு கம்பெனி நடத்திய ஆன்லைன் விளையாட்டு. ஒரு கோட்டை, அதற்கு நாலு வாசல், வெளியே காடு, காட்டுக்குள் யாளிகள். கோயமுத்தூர், மதுரை, பெங்களூர், துபாய் என்று எங்கெங்கோ உட்கார்ந்திருப்பவர்கள் வீரன், மந்திரவாதி, வைத்தியர் என்று ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு அந்த ஒரே கோட்டைக்குள் வந்து நிற்பார்கள். சேர்ந்து போய் யாளியோடு சண்டை போடுவார்கள். அதைவிட அதிகமாகத் தங்களுக்குள் சண்டை போடுவார்கள்.

செந்தமிழுக்கு வாள் வீச வராது. மந்திரமும் சுமார். 'உப்புக்காரி' என்று பெயர் வைத்துக்கொண்டு வடக்கு வாசலில் உப்பு மூட்டை விற்றுக்கொண்டிருந்தாள். அந்த விளையாட்டில் உப்பைப் போல உபயோகமில்லாத சரக்கு வேறு கிடையாது. காயத்துக்கு ஆகாது, சண்டைக்கு ஆகாது, யாரும் வாங்குவதில்லை. ஆனாலும் உப்புக்காரியைத் தெரியாத ஆள் கோட்டையில் இல்லை. காரணம், அவள் எழுதிய செய்தி. ஆடுகிறவர்கள் கூடி வம்பளப்பதற்கென்று கம்பெனி ஒரு ஃபோரம் வைத்திருந்தது. அதில் வாரா வாரம் 'வடக்கு வாசல் செய்தி' என்று, டீக்கடையில் தொங்கும் பேப்பர் போஸ்டர் பாணியில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து வெளுத்தாள். 'யாளி தாக்கி வீரர்கள் பலி. வைத்தியர் தூங்கிவிட்டதாகப் புகார்.' 'கல்யாணத்துக்கு வந்த மந்திரவாதி மாப்பிள்ளையைத் தவளையாக்கிவிட்டு ஓட்டம். சீர் வரிசை திரும்பக் கேட்டுப் பெண் வீட்டார் மறியல்.' அந்தத் தூங்குகிற வைத்தியர் சேலத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர். ராத்திரியெல்லாம் கடை, அதனால் ஆட்டத்தில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது கீபோர்டு மேலேயே சாய்ந்துவிடுவார். உப்புக்காரி அவரை ஒரு வாரம்கூட விட்டுவைத்ததில்லை. அவரும் தன் பெயரையே 'டாக்டர் தூங்குமூஞ்சி' என்று மாற்றிக்கொண்டுவிட்டார்.

யார் இந்த உப்புக்காரி என்று ஃபோரத்தில் ஓயாத விவாதம். ரிட்டயர்டு பத்திரிகைக்காரர் என்றார்கள் சிலர். பெண் பெயரில் எழுதுகிற ஆண் என்றார்கள் பலர். மரக்காணம் என்று அவளே சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை.

காக்கை தட்டிய அன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. ஆட்டக்காரர்களின் செய்திகளைப் பார்த்துக்கொள்ளச் சென்னை ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள். உப்புக்காரிதான் வேண்டுமென்று ஃபோரமே கூச்சல் போடுகிறது. அடுத்த வாரம் நேரில் வந்து பார்க்கவும், இப்படிக்கு வெங்கடாசலம், மேனேஜர். செந்தமிழ் அதைப் படித்துவிட்டுத்தான் வடை வாங்கினாள்.

வடை போனால் போகிறது. மெயில் விஷயத்தை அம்மாவிடம் சொல்வதற்குள் ஆராயி முறத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து, மகளின் தலைமயிரை விலக்கி உச்சியைத் தடவிப் பார்த்தாள்.

"நகம் பட்டிருக்குதுடி."

"வடைக்கு வந்துச்சும்மா. அது பாட்டுக்கு எடுத்துனு போயிடுச்சு. இங்க பாரு, எனக்கு மெட்ராஸ்ல அந்த வெளையாட்டுக் கம்பெனியிலயே வேலை வரப்போவுது."

மெட்ராஸ் என்றதும் ஆராயியின் முகம் இன்னும் கறுத்தது.

"காக்கா தலையில தட்டின அன்னிக்கே ஊரு வுட்டுப் போற சேதி. ஏன்டி, அந்த ஊர்ல உனக்கு யாரு இருக்கா? ஒண்ணு ஆச்சின்னா அழறதுக்குக்கூட ஒரு ஆளு கிடையாது. பொம்மை வெளையாட்டுக்குப் போய் எவனாவது சம்பளம் தருவானா?"

ஆராயியைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவள் புருஷன் கலியன் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவராக இருந்தார். அவர் தலையிலும் ஒருநாள் காக்கை தட்டியது. செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று ஆராயி சொன்னபோது, காக்காவுக்கு என் மொட்டை பிடித்துப்போச்சு என்று சிரித்தார். அந்த ஐப்பசி முடிவதற்குள் லாரி மேலிருந்து விழுந்து செத்துப்போனார். அன்றிலிருந்து ஆராயி காக்கை விஷயத்தில் சிரிக்கிறவர்களோடு பேசுவதில்லை.

செய்ய வேண்டியது என்பது இதுதான். காக்கை தலையில் தட்டினால் அந்த ஆளுக்குக் கண்டம். கண்டம் கழிய வேண்டுமென்றால், அந்த ஆள் செத்துவிட்டதாகத் தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர்கள் நிஜம் என்று நம்பி ஒரு பொட்டுக் கண்ணீராவது விட வேண்டும். விட்டுவிட்டால் சாவு ஏமாந்து திரும்பிப் போய்விடும். அதற்கப்புறம் உண்மையைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். கண்ணீர் விழுகிறவரை மட்டும் அந்த ஆள் வெளியே தலை காட்டக் கூடாது.

"அழுகை வுழட்டும். அப்பாலதான் மெட்ராஸோ மண்ணாங்கட்டியோ பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஆராயி மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மளிகைக்கடைக்குப் போய் காயின் போனில் காசு போட்டாள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், இந்த வைத்தியம் அந்தப் பக்கத்துச் சனங்களுக்கெல்லாம் தலைகீழ்ப் பாடம். பொம்மையார்பாளையத்தில் இருந்த அக்காவுக்குப் போன் போட்டு, "அக்கா, எம்பொண்ணு போயிட்டாக்கா" என்று ஆராயி குரல் நடுங்கச் சொன்னாள். அந்தப் பக்கம் அக்கா நிதானமாக, "உச்சியிலயா, நெத்தியிலயா?" என்று கேட்டாள். இரும்பையில் இருந்த தம்பி, "செத்தவளைக் கூப்புடு, நான் பேசறேன்" என்றான். பெரிய முதலியார்சாவடிச் சின்னம்மா மட்டும் கொஞ்சம் அழுகிற மாதிரி ஆரம்பித்தாள். ஆனால் நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. சொந்தத்தில் ஒரு கண்ணும் நனையவில்லை. ஆராயி போனை வைத்துவிட்டு மளிகைக்கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள்தான் அழுதாள். பெற்றவள் அழுதால் கணக்கில் சேராது.

அப்போதுதான் அவளுக்கு நெட் சென்டர் ஞாபகம் வந்தது.

அந்தோணிராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர். காக்கை, கண்டம் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு தாய் கடை வாசலில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் மறுத்துப் பேசத் தெரியாத மனுஷன். நல்ல மனசுக்காரர்கள் செய்கிற அனர்த்தத்தைக் கெட்டவர்கள் செய்துவிட முடியாது.

"தம்பி, உங்க பொட்டியில எம்பொண்ணுக்கு ஆயிரம் பேரு பழக்கமாமே. எங்கெங்கியோ இருக்கறவங்களாம். அவங்களுக்குக் காக்கா சமாச்சாரம் தெரியாதில்ல?"

"தெரியாதுக்கா."

"அப்ப அவங்களுக்குச் சொல்லுங்க. சாயந்தரம் நெசத்தைச் சொல்லிக்கலாம்."

சாயந்தரம் மாற்றிவிடலாம்தானே என்று அந்தோணிராஜும் நினைத்தார். செந்தமிழின் கம்ப்யூட்டரில் ஃபோரம் திறந்தபடியே இருந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார்: 'நான் உப்புக்காரியின் அண்ணன். இன்று காலை உப்புக்காரி இறந்துவிட்டார். எல்லாரும் அழவும்.'

கடைசி வரி கொஞ்சம் விசித்திரமாக இருந்திருக்கும். ஆனால் துக்கத்தில் இருக்கிறவர் எழுத்தை யார் ஆராய்வார்கள். போன வருஷம் கடல் பொங்கி வந்துபோனதிலிருந்து மரக்காணம் என்ற பெயரைக் கேட்டாலே வெளியூர்க்காரர்களுக்கு மனசு பதறும். அன்றைக்கு டிவியில் வேறு புயல் சின்னம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புயல் சின்னம் சாயந்தரத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. வானம் உடைந்த மாதிரி கொட்டியது. கரெண்ட் போனது, போன் லைன் போனது, உப்பளமும் ரோடும் ஒரே தண்ணீராகி எது எது என்று தெரியாமல் போனது. நாள் கணக்கில் யாரும் வீட்டை விட்டு வரவில்லை. செந்தமிழ், யாளிக்கோட்டையில் தான் செத்துப்போனது தெரியாமல், ஒழுகுகிற இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டு, வெங்கடாசலம் கேட்டால் என்ன பதில் சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டு, லைன் வந்த அன்றைக்கு அம்மா கண்ணில் படாமல் முதல் ஆளாக நெட் சென்டருக்கு ஓடினாள். அந்தோணிராஜ் அவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். முதலாளி எழுந்து நின்றால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"தமிழு, கோவப்படாத. ஒரு சின்ன விஷயம்."

சின்ன விஷயம் ஃபோரத்தின் முகப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தது. 'உப்புக்காரிக்குக் கண்ணீர் அஞ்சலி.' அதன் கீழே பக்கம் பக்கமாக அவளைப் பற்றிப் பேச்சு. தன் கணக்கில் நுழைந்து மறுத்து எழுதலாம் என்று பார்த்தால், இறந்தவர் பெயரில் யாரும் புகுந்து விளையாடிவிடக் கூடாது என்று அதைப் பூட்டிவிட்டார்கள். புதுப் பெயரில் உள்ளே போய், 'நான்தான் உப்புக்காரி, உயிரோடு இருக்கிறேன்' என்று எழுதினாள். செத்தவங்க பேர்ல விளையாடறியே, நீயெல்லாம் மனுஷனா என்று வரிசையாகத் திட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயரையும் தூக்கிவிட்டார்கள்.

அதற்கெல்லாம் மேலே ஓர் அறிவிப்பு. உப்புக்காரிக்கென்று வைத்திருந்த செய்தி வேலையைக் கனத்த இதயத்தோடு 'மின்னல்வீரன்' என்பவருக்குத் தருவதாக இருக்கிறோம், மாலையில் முடிவு. மின்னல்வீரன் தன்னைப் பற்றித் தவிர வேறு எதையும் எழுதாத ஆள். செந்தமிழுக்கு வயிறு எரிந்தது. பஸ் பிடித்து ஆபீசுக்கே போய் நிற்கலாமென்றால் ஈ.சி.ஆர். ரோட்டில் தண்ணீர் வடியவில்லை, பஸ் விடவில்லை. கடைப் போனிலிருந்தே சென்னைக்குப் போன் போட்டாள். எடுத்த பெண், "நீங்க மூணாவது உப்புக்காரிங்க. காலையிலேருந்து இதே வேலையா இருக்குது" என்று வைத்துவிட்டாள்.

"அண்ணே, எல்லாரும் அழவும்னு வேற எழுதியிருக்கீங்க."

"அம்மாதான் அழணும்னு சொன்னாங்க." அந்தோணிராஜ் தரையைப் பார்த்தார்.

அவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. செந்தமிழ் சேற்றில் சளக் சளக்கென்று நடந்து வீட்டுக்குப் போனாள். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டியதெல்லாம் ஒரு வடையால் போச்சே என்று அழுகை அழுகையாக வந்தது. அம்மாவைப் பார்த்ததும் அது கோபமாக மாறியது.

"நீ என்னைக் கொன்னுட்டும்மா. என் வேலையை வேற ஒருத்தனுக்குத் தரப்போறாங்க. உசுரோட இருக்கேன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்."

ஆராயி, மகள் கத்தி முடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அழுதாங்களா?"

அது செந்தமிழுக்கே தெரியாது. ஃபோரத்தைத் திறந்ததிலிருந்து தன் வேலையைத் தேடினாளே ஒழிய, மற்றவர்கள் எழுதியதை அவள் இன்னும் படிக்கவே இல்லை. "வா, நீயே வந்து பாரு" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பவும் நடந்தாள்.

அந்தோணிராஜ் இரண்டு நாற்காலி போட்டார். செந்தமிழ் இன்னொரு புதுப் பெயரில் ஆட்டத்துக்குள்ளேயே போனாள். யாளிக்கோட்டையில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் வடக்கு வாசலில்தான் பிறப்பார்கள். அது அந்த ஆட்டத்தின் விதி. அப்படி, இடுப்பில் ஒரு துண்டும் கையில் ஒரு கம்புமாக, பெயர் தெரியாத புது ஆளாக அவள் தன் பழைய இடத்தில் வந்து நின்றாள்.

எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு குன்று.

முதலில் அவளுக்கே புரியவில்லை. அது உப்பு. யாரும் சீந்தாத அந்த உப்பு மூட்டைகளை வாங்கி வாங்கி, அவள் உட்கார்ந்து விற்ற இடத்தில் கொட்டியிருந்தார்கள். அந்த ஆட்டத்தில் கீழே போட்ட பொருள் கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்துவிடும். மறைய மறையக் கொட்டிக்கொண்டே இருந்தால்தான் குவியல் நிற்கும். இங்கே மழை பெய்த நாளெல்லாம், யாராவது ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சுற்றிலும் கவசம் போட்ட வீரர்களும், தாடி வைத்த மந்திரவாதிகளும், அவளோடு ஓயாமல் சண்டை போட்டவர்களும் தலை குனிந்து நின்றார்கள். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு வைத்தியர் தடியூன்றி நின்றார். மேலே பெயர்: டாக்டர் தூங்குமூஞ்சி.

புது ஆளைப் பார்த்ததும் அவர் எழுதினார்: 'புதுசாங்க? ஒரு மூட்டை உப்பு வாங்கிப் போட்டுட்டுப் போங்க. நல்ல பொண்ணு. எங்களையெல்லாம் சிரிக்க வச்சிக்கிட்டிருந்துச்சு. நான் தூங்கிடுவேன்னு திட்டும். இப்ப தூக்கமே வரல.'

செந்தமிழ் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். ஃபோரத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். துபாயில் டிரைவராக இருக்கிற ஒருத்தர், வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வாய் விட்டுச் சிரிப்பேன், ரூமில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதியிருந்தார். மதுரையில் ஒரு டீச்சர் விளக்கேற்றி வைத்திருந்தாளாம். உப்புக்காரி தவளையாக்கி எழுதிய அந்த மாப்பிள்ளை, தவளை என்றே தன் பெயரை வைத்துக்கொண்டிருந்தான்.

ஆராயி இதையெல்லாம் கேட்டாளா என்றே தெரியவில்லை. அவள் கண் திரையிலிருந்த குவியலை விட்டு நகரவில்லை. வெயில் காலமெல்லாம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக் கொட்டுகிற கை அவளுடையது.

"இன்னாடி இது, மழைக்காலத்துல உப்பை இப்படித் தொறந்து போட்டு வச்சிருக்காங்க. ஓலை போட்டு மூடச் சொல்லு. எல்லாம் கரைஞ்சிடும்."

செந்தமிழுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வந்த வேகத்தில் அதை அப்படியே ஆட்டத்துக்குள் அடித்தாள்: 'எங்கம்மா சொல்றாங்க, மழைக்காலத்துல உப்பைத் தொறந்து போடக் கூடாதாம். ஓலை போட்டு மூடணுமாம்.'

வடக்கு வாசலில் குனிந்திருந்த தலைகள் புது ஆள் பக்கம் திரும்பின. வைத்தியர், 'யார் நீங்க?' என்று கேட்டார்.

'செய்தி வருது. படிங்க' என்று மட்டும் எழுதினாள் செந்தமிழ்.

நான்தான், நான்தான் என்று கத்தினால் யாரும் நம்பப்போவதில்லை என்று அவளுக்கு இப்போது உறைத்திருந்தது. உப்புக்காரி செய்தி எழுதுகிறவள். தான் பிழைத்ததையும் செய்தியாக எழுதினால்தான் அது உப்புக்காரி. அம்மா பக்கம் திரும்பி, "ம்மா, நடந்ததை எல்லாத்தையும் எழுதப் போறேன். உன் பேரும் வரும்" என்றாள். ஆராயி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "எழுது. பொய் சொன்னவ நானு. நானே சொல்றேன்" என்றாள்.

மாதா நெட் சென்டரில் அன்றைக்கு வேறு யாருக்கும் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. அந்தோணிராஜ் வாசலில் நின்று எல்லாரையும் திருப்பி அனுப்பினார். இப்படி வந்தது செய்தி:

'தன் சமாதி முன் நின்ற பெண். வடக்கு வாசலில் பரபரப்பு. 

மரக்காணம்: காக்கை தலையில் தட்டியதைத் தொடர்ந்து உப்பு வியாபாரி ஒருவர் இறந்துவிட்டதாக அவரது தாயாரே வதந்தி பரப்பியது அம்பலமாகியுள்ளது. காக்கையின் குறி மசால்வடை என்று தெரிகிறது. கண்டம் கழிய யாராவது அழ வேண்டும் என்ற நிலையில், பொம்மையார்பாளையம் பெரியம்மா, இரும்பை மாமா ஆகியோர் சிரித்துவிட்டதால் யாளிக்கோட்டை மக்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நெட் சென்டர் உரிமையாளர் உடந்தை. மழையால் மறுப்புச் செய்தி தாமதம்.

தாயார் ஆராயி அளித்த வாக்குமூலம்: எம்பொண்ணு உசுரோட இருக்கணும்னுதான் செத்துட்டான்னு சொன்னேன். எங்க பக்கம் அப்படித்தான் செய்வோம். சொந்தக்காரங்க யாரும் அழல. மொகம் தெரியாத நீங்கதான் அழுதீங்க. நான் சொன்னது பொய்யி, நீங்க அழுதது நெசம். உங்க எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடறேன்.

டாக்டர் தூங்குமூஞ்சி இத்தனை நாள் விழித்திருந்ததாகக் கூறப்படுவதை நம்பத் தகுந்த வட்டாரங்கள் மறுத்துள்ளன. நின்றபடியே தூங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது. காக்கை தலைமறைவு.'

போட்டுவிட்டு மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அந்தோணிராஜ் வாய்க்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். இதையும் தூக்கிவிடுவார்கள் என்று செந்தமிழ் நினைத்தபோது முதல் பதில் விழுந்தது. வைத்தியர்தான்.

'நான் தூங்கல. சத்தியமா தூங்கல. இப்படித் திட்ட உன்னைத் தவிர உலகத்துல யாரும் கிடையாது. உப்புக்காரி வந்துட்டாடா.'

அதற்கப்புறம் படித்துச் சொல்ல முடியாத வேகத்தில் வந்தன. துபாய்க்காரர் காக்கையின் பெயரில் மன்னிப்புக் கேட்டார். தவளை மாப்பிள்ளை வடைக்கு நஷ்ட ஈடு கோரினான். மின்னல்வீரன்கூட, தன் வீரத்தைப் பற்றி ஒரு வரியும் சேர்க்காமல், வேலை உனக்குத்தான் என்று எழுதினான். ஆட்டத்துக்குள்ளே எட்டிப் பார்த்தால் வடக்கு வாசலில் வேறு கூத்து. அந்த ஆட்டத்தில் பனையோலை கிடையாது. வீரர்கள் தங்கள் போர்வைகளைக் கழற்றி, மந்திரவாதிகள் தங்கள் அங்கிகளைக் கழற்றி, உப்புக் குவியலை மூடிக்கொண்டிருந்தார்கள். "அந்த ஓரம் தெரியுது பாரு" என்று ஆராயி திரையைத் தொட்டுக் காட்டினாள்.

அப்போது போன் அடித்தது. அந்தோணிராஜ் எடுத்து, பேசி, ரிசீவரை ஆராயியிடம் நீட்டினார்.

"மெட்ராஸ் மேனேஜரு. உங்ககிட்டதான் பேசணுமாம்."

ஆராயி பயந்துகொண்டே வாங்கினாள். அந்தப் பக்கம் வெங்கடாசலம் முதலில் கேட்ட கேள்வி, "உச்சியிலயாம்மா, நெத்தியிலயா?" என்பது.

"உச்சியில சார். நகம் பட்டுடுச்சு."

"எங்க அம்மா என்னை ஒரு தடவை இப்படிச் சாவடிச்சிருக்காங்கம்மா. மெட்ராஸ்ல இருந்து எங்க சித்தப்பா மாலையோட வந்து இறங்கிட்டாரு. நான் வாசல்ல கோலி ஆடிக்கிட்டிருந்தேன்." அவர் சிரித்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "வேலை உங்க பொண்ணுக்குத்தாம்மா. தண்ணி வடிஞ்சதும் வரட்டும். லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு ஆபீஸ் பக்கத்துலயே இருக்குது. ஆனா அவங்களை அனுப்ப நீங்க சம்மதிக்கணும்" என்றார்.

ஆராயி ரிசீவரைக் காதில் வைத்தபடியே மகளைப் பார்த்தாள். அம்மா மாட்டேன் என்று தலையாட்டிவிட்டால் அதை மீறிப் போகிற பெண் இல்லை அவள்; அது அவளுக்கும் தெரியும், ஆராயிக்கும் தெரியும். ஆராயி திரும்பி ஒரு தடவை திரையைப் பார்த்தாள். குவியலை முழுசாக மூடிவிட்டார்கள். கொட்ட வந்தவர்கள் யாரும் போகவில்லை. அந்த வைத்தியர் மட்டும் தடியூன்றியபடி அசையாமல் நின்றார். இந்தத் தடவை நிஜமாகவே தூங்கிவிட்டார் போலிருக்கிறது.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அழறதுக்கு ஆளு இருக்குதுடி உனக்கு" என்றாள். "போயிட்டு வா."